நிரலில் இல்லாத மாமா

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. நான் வேலை செய்யும் நண்டு ஏற்றுமதிக் கொம்பனியின் பெரும்பங்கை வெளிநாட்டுக் குழுமம் ஒன்று வாங்கியது.

2. தரக்கட்டுப்பாடு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ‘இணக்க அலுவலர்’ என்ற பதவியும் சேர்ந்து வந்தது. கொம்பனி சட்டத்தின்படியும் குழுமத்தின் விதிகளின்படியும் நடக்கிறதா என்று பார்ப்பவர் என்று அர்த்தம்.

3. கொழும்பிலிருந்து கணக்காய்வாளர் ஒருவர் வந்து, நான் எழுதிய கொள்வனவு மென்பொருளைத் திறந்து பார்த்தார்.

4. நண்டு தருபவர்களில் பாதிப் பேருக்கு நேரே ‘மாமா’ என்று இருப்பதைக் கண்டார்.

5. அவர்களில் ஒருவரும் என் மாமா அல்ல என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்.

6. எழும்பிப் போகும்போது சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன்.

7. அடுத்த கிழமையிலிருந்து என் அம்மாவின் தம்பி எங்கள் கேற்றில் நண்டு கொடுக்க முடியாமற் போனது.

8. அவருடைய நண்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

இதை வரிசையாக எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் கதைக்கும்போது இந்த வரிசை மாறிவிடுகிறது. ‘அவள்தான் மாமனைப் பிடிச்சுக் குடுத்தவள்’ என்று தொடங்குகிறார்கள். அது ஆறாவது. முதல் ஐந்தும் நடந்திருக்காவிட்டால் ஆறாவதும் நடந்திருக்காது.

எங்கள் கொம்பனி செட்டிபாளையத்தில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணலில் இருக்கிறது. நீளமான தகரக் கொட்டகை, சீமெந்துத் தொட்டிகள், ஒரு குளிரறை, முன்னால் தள்ளித் திறக்கும் இரும்புக் கேற். விடியற்காலையில் வாவியில் நண்டுக்கூடு தூக்கியவர்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கூடை கட்டிக்கொண்டு வருவார்கள். நண்டு உயிரோடு, கடிக்காதபடி கட்டப்பட்டு வரவேண்டும். ஒவ்வொரு கூடையையும் நான் பார்ப்பேன். உயிர் இருக்கிறதா, ஓடு இறுகிவிட்டதா, சினை நண்டு கலந்திருக்கிறதா, யார், வாவியின் எந்தப் பக்கத்தில் பிடித்தது. எல்லாம் சரியென்றால் கையெழுத்து. அது இல்லாமல் பெட்டி விமான நிலையத்துக்குப் போகாது. உணவுத் தொழில்நுட்பம் படித்த ஒருவர்தான் கையெழுத்திட வேண்டும் என்பது வாங்குபவரின் நிபந்தனை. எங்கள் கொட்டகையில் அதைப் படித்தது நான் ஒருத்திதான்.

மென்பொருள் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்பு கொப்பியில் எழுதியதைக் கணினிக்கு மாற்றினேன். அதில் ‘கூப்பிடும் பெயர்’ என்று ஒரு நிரல், மேலிருந்து கீழாகப் போகும் ஒரு பத்தி, வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் பலர். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதை எழுதினால் ஆள் மாறாது. கேற்றில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்காதான் அந்த நிரலை நிரப்பினார். வவுணதீவு மாமா. ரேடியோ மாமா. மொட்டை மாமா. கோவிச்ச மாமா. சும்மா மாமா. ஒன்றிரண்டு மச்சான். கூப்பிடும் பெயர்தானே என்று நானும் திருத்தவில்லை.

என் சொந்த மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, பெரியகல்லாற்றில் இருக்கிறார். கலியாணம் முடித்து மாமியின் வீட்டுக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் ஆண்கள் அப்படித்தான் போவார்கள். நான் வேலைக்குச் சேர முந்தியே அவர் எங்கள் கொம்பனிக்கு நண்டு கொடுத்து வந்தார். அவருடைய விபரத்தை மட்டும் நானே பதிந்தேன். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர். கூப்பிடும் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். அவரை நான் மாமா என்று கூப்பிடும் சத்தம் மற்றவர்களைக் கூப்பிடும் சத்தத்தைப்போல இராது என்று எனக்குப் பட்டது. கேற்றில் அவரை ‘ஐயா’ என்றேன்.

“ஐயாவா?” என்று கூடையை வைத்துவிட்டுச் சிரித்தார். “நாளைக்கு உன்ட அம்மாவை அம்மணி எண்டு கூப்பிடு, பார்ப்பம்.”

மனேச்சரிடமும் சொன்னேன். அவர் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆள், சேர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். “சேர், இவர் என் அம்மாவின் தம்பி. இவருடைய கூடையை வேறு யாராவது பார்ப்பது நல்லது” என்றேன்.

“வேற ஆர் இரிக்கு? நானா பாக்கிற? எனக்கு நண்டும் ஒண்டுதான், றாலும் ஒண்டுதான்” என்றார். “இஞ்ச ஆருக்கு ஆர் சொந்தமில்ல, சொல்லு பாப்பம். குடியைக் கேட்டா நீயும் நானும் அண்ணன் தங்கச்சி.”

அது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியில் வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் எவ்வளவு தூரத்து ஆளென்றாலும் சகோதர முறை. அவருக்கும் எனக்கும் ஒரே குடி.

குழுமம் வந்த பிறகு ஒரு பயிற்சி நாள் நடந்தது. கொழும்பு அலுவலகத்துப் பையன் ஒருவர் புரொஜெக்டரோடு வந்தார். படத்தில் இருந்த தமிழ் யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்த தமிழ். ‘உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் நலன்களின் மோதல் உள்ளதா?’ என்று பெரிதாகத் தெரிந்தது.

“ஆரோட மோதல்?” என்று பெட்டி அடுக்கும் பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

“உனக்கும் உன்ட மாமிக்கும் உள்ளதைக் கேக்கிறாங்க கா” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பையனுக்குத் தமிழ் விளங்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். நிறுவனத்தோடு வியாபாரம் செய்யும் உங்கள் உறவினர்களின் பெயர்களை எழுதுக. தராசு அக்கா கையை உயர்த்தினார். “தங்கச்சி, சொந்தமெண்டா எதுவரைக்கும்? குடியையும் எழுதணுமா?” நான் ஆங்கிலத்தில் பையனிடம் கேட்டேன். குடி என்றால் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அக்கா படிவத்தின் பின்பக்கத்தையும் நிரப்பிவிட்டு இன்னொரு தாள் கேட்டார்.

மத்தியானம் மனேச்சர் அந்தக் கட்டைத் தூக்கிப் பார்த்தார். “இதை அனுப்பினா கொம்பனியெண்டு நினைக்க மாட்டாங்க, கலியாண வீடெண்டு நினைப்பாங்க” என்றார். புதுப் படிவம் கொடுத்து எல்லாரையும் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னார். எல்லாரும் எழுதினார்கள். முழுச் சொந்தத்தையும் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், ஆகவே ஒருவரும் இல்லை. முதலில் எழுதியதும் பிறகு எழுதியதும் இரண்டும் கொழும்புக்குப் பொருந்தாத பதில்கள். நான் முதல் தாளில் ஒரே ஒரு பெயரைத்தான் எழுதியிருந்தேன். இரண்டாவதில் ‘இல்லை’ என்று எழுத என்னால் முடியாது என்று சேரிடம் சொன்னேன். ‘உண்டு’ என்று எழுத அவர் விடவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாகவே போனது. யாரும் அதைக் கேட்கவில்லை.

கணக்காய்வாளர் வந்தபோது மழை தொடங்கியிருந்தது. என்னைவிடக் கொஞ்சம் வயது கூடிய சிங்களப் பெண். ஆங்கிலத்தில் பேசினோம். மரியாதையானவர், எங்களோடு இருந்து சோற்றுப் பார்சல் சாப்பிட்டார், நண்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துப் பயந்து பின்னால் போனார். பிறகு கணினியில் உட்கார்ந்தார். அந்த நிரலில் அவருடைய விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

“இது எல்லாம் மாமாவா?”

“ஓம்.”

“உங்களுடைய மாமாக்களா?”

“இல்லை. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.”

“எனக்கு விளங்குகிறது. எங்கள் ஊரில் த்ரீவீலர் ஓட்டுபவரும் மாமாதான். ஆனால் என் அறிக்கையை வாசிப்பவர் எங்கேயோ குளிர்நாட்டில் இருக்கிறார். இத்தனை மாமாவை அவர் தாங்க மாட்டார்.”

ஆகவே ஒவ்வொருவராக உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. தராசு அக்காவைக் கூப்பிட்டோம். அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். இவர் ஏன் ரேடியோ மாமா? மோட்டார் சைக்கிளில் ரேடியோ கட்டியிருக்கிறார், மிஸ். இவர் ஏன் கோவிச்ச மாமா? நான் தராசில கை வைச்சனெண்டு கோவிச்சவர், மிஸ். வைத்தீர்களா? சேச்சே, அது நண்டுக் கால். இவர் சும்மா மாமாவா? அவரைப்பற்றிச் சொல்ல ஒண்டும் இல்ல மிஸ், அதுதான் சும்மா. கணக்காய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். யாரும் எனக்கோ மனேச்சருக்கோ இரத்த உறவு இல்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே அடையாளம் இட்டார். எனக்கும் மனம் இலேசானது.

பேனையை மூடினார். பையைத் தோளில் போட்டார். “இத்தனை மாமா இருந்தும் உங்களுக்கு உண்மையான மாமா ஒருவரும் இல்லையா?” என்று கேட்டார்.

அது கேள்வியே இல்லை. சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். அக்காவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும். அவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

“இருக்கிறார்” என்றேன். “கூப்பிடும் பெயர் இல்லாமல் ஒருவர் இருக்கிறார் பாருங்கள். அவர்தான்.”

கணக்காய்வாளர் பையைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் உட்கார்ந்தார்.

“இதை இனி நான் எழுதாமல் விட முடியாது. தெரியும்தானே?”

“தெரியும்.”

“முன்பே யாருக்காவது அறிவித்தீர்களா?”

சேரிடம் வாயால் சொன்னேன் என்றேன். சேரைக் கூப்பிட்டார். சேர் தொட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு, “சொன்னாவோ தெரியாது மிஸ். இஞ்ச நாளைக்கு நூறு கதை” என்றார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். நூறு கதை உண்மைதான். நான் சொன்னதும் அந்த நூறில் ஒன்று.

முடிவு மின்னஞ்சலில் வந்தது. தகுதியுள்ள இன்னொருவர் வந்து அவருடைய கூடையைப் பார்க்கும் வரைக்கும் அந்த வழங்குநர் இடைநிறுத்தப்படுகிறார். என்மேல் குற்றம் எதுவும் எழுதப்படவில்லை. நான் வெளிப்படையாக நடந்துகொண்டதாக ஒரு வரி பாராட்டும் இருந்தது.

அந்த முடிவில் பிழை பிடிக்க நான் முயன்றேன். பிடிக்க முடியவில்லை. மருமகள் பார்க்கும் நண்டை மாமன் கொண்டு வரக்கூடாது என்ற விதி நல்ல விதி. வேறு எந்தக் கொம்பனியில் என்றாலும் நானே அதைத்தான் எழுதியிருப்பேன். இன்னொருவரை எடுக்க விளம்பரம் போட்டார்கள். கண்டியிலிருந்து ஒருவர் வந்தார், கொட்டகையைப் பார்த்தார், தங்கும் இடத்தைப் பார்த்தார், சாப்பிட்டுவிட்டு அறிவிக்கிறேன் என்று போனார். வேறு யாரும் வரவில்லை. எனக்கு மிஞ்சிய ஒரே வழி விலகுவது. நான் விலகினால் ‘நலன்களின் மோதல்’ இல்லாமற் போகும், மாமா திரும்ப நண்டு கொடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் நான் இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. மாமாவின் நண்டும் போகாது, மொட்டை மாமாவின் நண்டும் போகாது, பெட்டி அடுக்கும் பெண்களுக்கு வேலையும் இராது. நான் இருந்தால் அவர் ஒருவருக்கு மட்டும் கேற் பூட்டு. போனால் எல்லாருக்கும்.

அம்மா இதை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

“முறைப்படிதான் செஞ்சன் அம்மா.”

“முறை முறையெண்டு சொல்லுறியே, அவன் உனக்கு என்ன முறை?”

“அதுதானே பிரச்சினை.”

“உன்னைக் கம்பசுக்குப் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போனது ஆரு? பெட்டியைத் தலையில வைச்சிக்கொண்டு மலை ஏறினது ஆரு? அப்ப ஆரும் கேக்கல்லையே, நீங்க என்ன முறையெண்டு.”

“கேட்டாங்க அம்மா. ஹொஸ்டல்ல கேட்டாங்க. மாமா எண்டுதான் எழுதினன்.”

அம்மா அதற்குப் பிறகு என்னோடு கறியைப் பற்றி மட்டும் கதைத்தார்.

மாமா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெறுங்கையோடு காலையில் கேற்றடிக்கு வந்து, வீதிக்கு அந்தப் பக்கம் பூவரச மரத்தின் கீழே மற்றவர்களோடு நின்று கதைத்தார். நான் ஸ்கூட்டியில் வரும்போது கையை விரித்து ஆட்களைப் பின்னால் தள்ளுவார். “மிஸ் வாறா, மிஸ் வாறா. சொந்தக்காரர் எல்லாம் ஒதுங்கி நில்லுங்கடா.” எல்லாரும் பயந்தவர்கள் மாதிரி இரண்டடி பின்னால் போவார்கள். சிரிப்பார்கள். நானும் தலைக்கவசத்துக்குள் சிரிப்பேன். பிறகு கேற்றை மூடிக்கொண்டு உள்ளே போவேன்.

ஒரு நாள் ரேடியோ மாமாவின் கூடையைத் திறந்தேன். நல்ல நண்டு, கனமானவை. ஆனால் கட்டு வேறு மாதிரி இருந்தது. நண்டு கட்டும்போது கடிகாலை உடம்போடு சேர்த்து அழுத்தி, நைலோன் நூலைக் கீழால் எடுத்து, மேலே முடிச்சுப் போடுவார்கள். வலதுகைக்காரருக்கு முடிச்சு வலப்பக்கம் வரும். இவற்றில் இடப்பக்கம் வந்திருந்தது. நுனியை வெட்டாமல் உள்ளே சொருகியிருந்தது. என் மாமா இடதுகைக்காரர். கம்பஸ் விடுமுறைகளில் அவருக்குப் பக்கத்தில் இருந்து நூல் வெட்டிக் கொடுத்தவள் நான். அந்த முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்வேன்.

“மாமா, இது ஆர் பிடிச்சது?”

“நான்தான் புள்ள. வேற ஆர், ரேடியோவா பிடிக்கும்?”

“கட்டினது?”

“கட்டினது... எனக்குக் கை நோவு. மச்சான் ஒருத்தன் கட்டித் தந்தான்.”

“எந்த மச்சான்?”

“எனக்கு எத்தினி மச்சான் இரிக்கு. எண்ணிச் சொல்லி முடியக்குள்ள நண்டு செத்துரும்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கூடையை ஒரு பக்கம் தள்ளி வைத்தேன்.

“என்ன புள்ள, சினையா?”

“இல்ல.”

“ஓடு மெதுவா?”

“இல்ல மாமா.”

“அப்ப?”

அப்ப என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லக்கூடியதாக இல்லை. ஒரு பெட்டியில் நோய் கண்டால் எந்தக் கூடை, எந்த ஆள், வாவியின் எந்தப் பக்கம் என்று திரும்பிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு பெயர். இந்தக் கூடையின் பெயர் உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று எழுதினால், என் மாமாவின் கை என்று எழுத வேண்டும். மாமாவின் நண்டைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அது மாமாவின் நண்டுதான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளும் நான். எடுத்தாலும் அவருடைய நண்டைத்தான் எடுக்கிறேன், திருப்பினாலும் அவருடைய நண்டைத்தான் திருப்புகிறேன்.

சேரிடம் போனேன். “நண்டில முடிச்சைப் பாத்து ஆளைச் சொல்லுறியா?” என்றார். “கொழும்புக்கு இதை நான் என்னெண்டு எழுதுவன்? அவங்க மறுகா முடிச்சுக்கும் ஒரு படிவம் அனுப்புவாங்க.” முடிவை எடுக்க வேண்டியது நீதான் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டார். போன் ஒலிக்கவே இல்லை.

‘பிடித்தவர் உறுதிப்படுத்தப்படவில்லை’ என்று எழுதிக் கூடையைத் திருப்பினேன். ரேடியோ மாமா கூடையைத் திரும்பக் கட்டினார். போகும்போது ரேடியோவை நிறுத்திவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் பெரியகல்லாற்றுக்குப் போனேன். மாமா ஆற்றங்கரையில் இருந்து கிழிந்த நண்டுக்கூட்டுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். என்னைக் கண்டதும் இடது கையை உயர்த்திக் காட்டினார்.

“கள்ளன் இவன்தான். பிடிச்சிக்கொண்டு போ.”

“மாமா, பகிடி விடாதீங்க.”

“முடிச்சு காட்டிக் குடுக்குமெண்டு நான் நினைக்கல்ல புள்ள. நினைச்சிருந்தா உன்ட மாமியைக் கட்டச் சொல்லியிருப்பன்.”

“ஆர் கட்டினாலும் பிழைதான். ரேடியோ மாமாட பெயரில உங்கட நண்டு வரக்கூடாது.”

“அப்ப எங்க குடுக்கட்டும்?”

மற்றக் கொள்வனவுகாரர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் பெரிய நண்டை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்புபவர் என்று எனக்கும் தெரியும்.

“சொல்லு. படிச்ச புள்ளதானே. எங்க குடுக்கட்டும்?”

“நான் வேலைய விடட்டா மாமா?”

அப்போதுதான் அவர் வலையிலிருந்து கண்ணை எடுத்தார். “விசர்க்கதை கதைக்காத. நீ விட்டா இந்தக் கரையில ஒருத்தனும் என்னோட பேசமாட்டான். உன்னால எனக்குக் கேற் பூட்டு எண்டா ஊர் சிரிக்கும். என்னால ஊருக்குக் கேற் பூட்டு எண்டா?” வலை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “இரி, அங்கேயே இரி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

தேத்தண்ணி குடித்தேன். மாமி என்னைச் சுகம் கேட்டார். யாரும் நண்டைப்பற்றிப் பேசவில்லை.

சில நாட்கள் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு காலையில் முதல் கூடையைத் திறந்தேன். முடிச்சு இடப்பக்கம், நுனி உள்ளே. கொண்டு வந்தவர் மொட்டை மாமா. அடுத்தது கோவிச்ச மாமா. இடப்பக்கம். அடுத்தது வவுணதீவிலிருந்து அவ்வளவு தூரம் வருபவர். அவருடையதும் இடப்பக்கம். சிலருடைய முடிச்சு கோணலாக இருந்தது, புதிதாகப் பழகியவர்கள் என்று தெரிந்தது. சும்மா மாமாவின் நண்டு ஒன்று கட்டு அவிழ்ந்து தராசு முழுக்க ஓடியது.

“எல்லாரும் ஒரே நாளில இடதுகைக்காரர் ஆகிட்டாங்க தங்கச்சி” என்றார் அக்கா, முகத்தை அசைக்காமல்.

“இது ஆர் சொல்லித் தந்த?” என்று வரிசையைப் பார்த்துக் கேட்டேன்.

“புது மொடல் புள்ள” என்றார் கோவிச்ச மாமா. “இப்பிடிக் கட்டினா நண்டு நல்லாத் தூங்குதாம்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. ரேடியோ மாமாவும் சிரித்தார், ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்மேல் அவர்களுக்குக் கோபமில்லை என்று அதில் தெரிந்தது. மாமாவை அவர்கள் விடமாட்டார்கள் என்றும் தெரிந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. நேற்றுவரை ஒரு கூடையைத்தான் சந்தேகப்பட முடிந்தது. இன்று எந்தக் கூடையையும் சந்தேகப்படலாம், எதையும் நிரூபிக்க முடியாது. மாமாவின் நண்டு எல்லாவற்றிலும் இருக்கலாம், ஒன்றிலும் இல்லாமலும் இருக்கலாம். அவர்கள் மாமாவுக்குத் திறந்து விட்ட வழியில் நான் உள்ளே அடைபட்டேன்.

கணக்காய்வாளருக்கு எழுதினேன். யாருடைய பெயரையும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். கூடையில் உள்ள பெயரும் பிடித்தவரும் ஒருவரே என்று இனி என்னால் உறுதிசெய்ய முடியாது. நண்டை எங்கள் கேற்றுக்கு உள்ளே, எங்கள் முன்னால் கட்ட ஒழுங்கு செய்யலாம். இரண்டாவது கையெழுத்துக்காரர் அவசரமாகத் தேவை.

அவர் மின்னஞ்சலில் பதில் எழுதாமல் போனில் எடுத்தார்.

“நீங்கள் எழுதியதை அப்படியே மேலே அனுப்பினால் அடுத்த நாளே கொள்வனவை நிறுத்துவார்கள். அது தெரிந்துதான் எழுதினீர்களா?”

“தெரியும்.”

“அனுப்பட்டுமா?”

“அனுப்புங்கள் என்று சொல்ல மனமில்லை. அனுப்ப வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.”

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. “எனக்கும் அதே நிலைமைதான்” என்றார். அடுத்த முறை வரும்போது நேரில் பார்த்துவிட்டு எழுதுவதாகவும், அதுவரை என் கையெழுத்தில் எனக்குத் தெரிந்த அளவு மட்டும் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

இப்போது நிலைமை இதுதான். நான் அதே வேலையில் இருக்கிறேன். இரண்டாவது ஆளுக்கான விளம்பரம் இன்னும் திறந்திருக்கிறது. மென்பொருளில் மாமாவின் பெயருக்கு நேரே ‘இடைநிறுத்தம்’ என்று இருக்கிறது. அதை எடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. கணக்காய்வாளர் அடுத்த மாதம் வருகிறார். அவர் என்ன எழுதுவார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதுவரை ஒவ்வொரு கூடையிலும் உயிரையும் ஓட்டின் இறுக்கத்தையும் சினையையும் நானே பார்க்கிறேன். கையெழுத்துக்குக் கீழே ‘பிடித்தவர் விபரம்: வழங்குநர் சொன்னபடி’ என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன். மாமா தினமும் ஆற்றில் இறங்குகிறார். அவருடைய நண்டு எங்கே போகிறது என்று நான் அவரிடம் கேட்பதில்லை.